லேக் பிளாசிட்: ஒரு சிற்றூரும் குளிர்கால ஒலிம்பிக் விழாக்களும்

1936 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஜேர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கேர்ஹன் என்னுமிடத்தில் நடைபெற்ற நான்காவது குளிர்கால ஒலிம்பிக் விழாவின் முடிவுப் பட்டியலை நோக்குவோர், பனிக்கட்டித் தளத்தில் நிகழும் வேகச் சறுக்கற் போட்டிகளின் முதலிடங்கள் நான்கையும் நோர்வே நாட்டினரே கைப்பற்றியதைக் காண்பர். 500, 5,000, 10,000 மீற்றர்ப் போட்டிகளில் ஈவார் பல்லங்றூட் என்பவரும், 1,500 மீற்றர்ப் போட்டியில் சார்ள்ஸ் மத்தீசன் என்பவரும் வெற்றியீட்டினர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் 500 மீற்றரிலும் 1,500 மீற்றரிலும் முதலிடம் பெற்றிருந்த அமெரிக்கரான ஜாக் ஷே என்பாரின் பெயர் அப்பட்டியலில் எங்கேனும் காணப்படவில்லை. அவர் அங்கு செல்ல மறுத்திருந்தார்.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வெற்றிப் பட்டியல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓடியவர், முந்தியவர், பிடித்த நேரம், பெற்ற பதக்கம் ஆகியன அதில் இடம்பெறும். ஓட மறுத்தவருக்கு அதில் ஓர் இடமில்லை. மேலும், அப்பட்டியல்கள் நாடுகளின் பெயரால் அமைவன. வீரர் எந்த ஊரவர் என்பதை அவை கூறுவதில்லை. ஷேயின் மறுப்பை விளங்கிக்கொள்வதற்கோ நாட்டின் வரலாற்றைக் காட்டிலும் அவருடைய ஊரின் வரலாறே பெரிதும் வேண்டப்படுகிறது. அவ்வூர் லேக் பிளாசிட் என்பதாகும்.

நியூயோர்க் என்றதும் வானளாவிய மாளிகைகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதி அடிறொண்டாக் என்னும் மலைத்தொடராலும் அடர்ந்த காடுகளாலும் நூற்றுக்கணக்கான ஏரிகளாலும் ஆனது. அம்மலைகளிடையே நோர்த் எல்பா என்னும் பட்டினப் பிரிவில் அமைந்த சிறு கிராமமே லேக் பிளாசிட். 1932 ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ மூவாயிரவர். 1980 இல் அத்தொகை சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறாகக் குறைந்திருந்தது. பெயர் பெற்ற பிளாசிட் ஏரி ஊருக்குச் சற்று அப்பால் உள்ளது. கிராமத்தின் வீதிகள் வளைந்து செல்வது மிரர் ஏரி என்னும் மற்றொரு சிறிய ஏரியின் கரையிலேயாம். ஆண்டிற் பல மாதங்கள் அவ்வேரி உறைந்து கிடக்கும். அக்காலத்தில் அதன்மேல் நடப்பதும் சறுக்குவதும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நம்மவர் வயல்வரம்பில் நடப்பதை ஒத்தனவே.

இவ்வட்டாரத்திற்கு வேறொரு பழைய வரலாறும் உண்டு. 1846 ஆம் ஆண்டில் கெரிற் சிமித் என்னும் செல்வந்தர், அடிமை முறையை எதிர்த்தவர், இம்மலைப் பகுதியிலிருந்த தமது நிலங்களைச் சிறு துண்டுகளாக்கி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களுக்கு வழங்க முற்பட்டார். அக்குடியேற்றத்திற்கு உதவும் நோக்குடன் 1849 இல் நோர்த் எல்பாவிற்கு வந்து குடியேறியவரே, பிற்காலத்தில் ஹாப்பேர்ஸ் பெரியிற் கிளர்ச்சி செய்து 1859 இல் தூக்கிலிடப்பட்ட ஜோன் பிறவுண். அவருடைய உடல் அங்குள்ள அவரது பண்ணையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. குளிரும் வன்னிலமும் பணமின்மையும் அக்குடியேற்றத்தை நிலைக்கவிடவில்லை. 1980 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற்கென எழுப்பப்பட்ட பனித்தாவற் கோபுரங்கள் அப்பண்ணைக்கு அண்மையிலேதான் உயர்ந்து நிற்கின்றன.

மனித சமத்துவத்திற்காக உயிர்நீத்தவரின் கல்லறை அமைந்த அதே மண்ணில், விலக்கலையே விதியாகக் கொண்ட நிறுவனமொன்று 1895 இல் தோன்றியது. அதனை நிறுவியவர் மெல்வில் தூயி. பல்கலைக்கழக மாணவர் எவருக்கும் இப்பெயர் புதியதன்று. நூலகத் தட்டுகளில் நூல்களின் முதுகிற் காணப்படும் எண்களுக்குக் காரணமான தசாம்சப் பகுப்பு முறையை 1876 இல் வெளியிட்டவர் அவரே. அறிவு முழுவதையும் பத்துப் பிரிவுகளில் அடக்க முயன்ற அவர், தமது லேக் பிளாசிட் கழகத்தில் மனிதரையும் பிரித்து வைத்தார். யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கு இடமில்லை. கசநோயாளரும் விலக்கப்பட்டனர். அயலூரான சரனாக் லேக், மருத்துவர் எட்வேட் துறூடோ நிறுவிய கசநோய்ச் சிகிச்சை நிலையத்தாற் புகழ்பெற்று, நோயாளர் பலரை ஈர்த்த காலம் அது.

தூயி அக்காலத்தில் நியூயோர்க் மாநில நூலகர் என்னும் அரச பதவியையும் வகித்தார். பொதுமக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஒருவர் தம் கழகத்தில் அம்மக்களுள் ஒரு சாராரை வெளிப்படையாக விலக்கலாமா என்ற கேள்வியை, வழக்கறிஞர் லூயி மாஷல் முதலாய யூதத் தலைவர்கள் 1905 இல் மாநிலக் கல்விச் சபையிடம் மனுவாக எழுப்பினர். சபை அவரைக் கண்டித்தது. அவர் பதவி துறந்தார். கழகத்தின் விதியோ மாறவில்லை. கோடை காலத்துக்குரிய ஓய்விடமாக இருந்த கழகம், 1904-05 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதன்முறையாக மூடப்படாது இயங்கியது. நகரச் செல்வர் பனிக்காலத்திலும் மலைக்கு வரலாயினர். உறைந்த ஏரியும் பனி மூடிய சரிவும் ஊருக்கு வருவாயாக மாறின. அவ்வகையில் இக்கிராமத்தின் குளிர்கால விளையாட்டு வளர்ச்சியில் தூயியின் கழகத்துக்குள்ள பங்கினை மறுத்தல் இயலாது. வரலாற்றில் இவ்வாறான சிக்கல்கள் புதியனவுமல்ல.

கழகத்தின் விருந்தினர் விளையாடினர்; ஊரவர் அவர்களுக்கு வேண்டிய களங்களைப் பேணினர். இவ்விரு சாராருக்குமிடையிலான வேறுபாடு சார்ள்ஸ் ஜூற்றோ என்பவரின் வாழ்வில் நன்கு புலப்படும். அவருடைய தந்தையார் மிரர் ஏரியின் சறுக்கற்களத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். மைந்தன் அக்களத்திலேயே சறுக்கப் பழகினார். 1924 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் பிரான்சின் சமோனி நகரில், பின்னர் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என ஏற்கப்பட்ட விழாவில், முதற் போட்டியாக 500 மீற்றர் வேகச் சறுக்கல் நடைபெற்றது. அதனை 44 செக்கன்களில் முடித்து வென்றவர் ஜூற்றோ. குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றின் முதலாவது தங்கப் பதக்கம் இவ்வாறு ஏரிக் காவலாளி ஒருவரின் மகனுக்குக் கிடைத்தது. நோர்வேயும் பின்லாந்தும் சுவிற்சர்லாந்தும் அணிவகுத்து நின்ற அரங்கில் இது நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது குளிர்கால விழாவை லேக் பிளாசிட்டுக்குக் கொணர்ந்தவர் மெல்வில் தூயியின் மகனான கொட்பிறி தூயி. 1928 இல் சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸ் விழாவிற்கு அமெரிக்கப் பனிச்சறுக்கற் குழுவின் முகாமையாளராகச் சென்றிருந்த அவர், தம் ஊராலும் இது இயலும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். 1929 இல் ஒலிம்பிக் குழு இசைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரிற் பங்குச் சந்தை வீழ்ந்து பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது.

விழாவிற்கு வேண்டிய களங்களுள் மிகவும் செலவு மிக்கது பொப்ஸ்லெட் ஓடுபாதை. உருக்குச் சறுக்குச் சட்டங்கள் பூட்டிய பனிவண்டியில் இருவரோ நால்வரோ அமர்ந்து, பனிக்கட்டியால் மெழுகப்பட்ட வளைந்த வாய்க்கால் வழியே மலையிலிருந்து பாய்ந்திறங்கும் போட்டி அது. மாநிலத்துக்குரிய காட்டு நிலத்தில் அப்பாதையை அமைக்கச் சட்டமன்றம் அனுமதித்தது. அடிறொண்டாக் காடுகள் என்றென்றும் காடாகவே பேணப்படல் வேண்டும் என மாநில அரசியலமைப்பில் ஒரு வாசகம் உண்டு. அதனை ஆதாரமாகக் கொண்டு காடு பேணுவோர் சங்கம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. ஏறத்தாழ 2,500 மரங்கள் வெட்டப்பட வேண்டியிருந்தன. 1930 இல் மாநில உயர் நீதிமன்றம் அனுமதிச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. விளையாட்டு எத்துணை நற்பயன் தருவதாயினும் அரசியலமைப்பின் வாசகத்தை வளைக்க அது போதாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சூழல் பேணல் என்னும் கருத்து உலக அரங்கில் இடம்பெறுதற்கு நெடுநாள் முன்னரே இத்தகைய தீர்ப்பொன்று வழங்கப்பட்டமை வியப்புக்குரியது.

பின்னர் வான் ஹோவன்பேக் மலையில் வேறிடம் தெரிவாயிற்று. அத்தெரிவிலும் கழகத்தின் நிலத் தொடர்பு மேலெழுந்தது. யூதரை விலக்கும் கழகமொன்றிற்கு நன்மை பயக்கும் வகையில் அரச பணம் செலவாதல் தகுமோ என யூதப் பத்திரிகைகள் வினாவின. 1905 ஆம் ஆண்டு மனுவின் கேள்வியே கால் நூற்றாண்டின் பின் மீண்டும் எழுந்தது. ஓடுபாதை எல்லோருக்கும் திறந்த பொதுச் சொத்தாக அமைந்தபின்னரே அச்சர்ச்சை தணிந்தது. ஒன்றரை மைல் நீளமும் 26 வளைவுகளும் கொண்ட அப்பாதையின் அமைப்பு வேலையில் ஈடுபட்டவர்களுள் சரனாக் லேக் ஊரவரான ஹென்றி ஹோம்பேகர் என்னும் பொறியியலாளரும் ஒருவர். இவர் பெயர் மீண்டும் வரும்.

1932 பெப்ரவரி 4 ஆம் நாள் ஊர் உயர்தரப் பாடசாலையின் முன்னமைந்த களத்தில் விழா தொடங்கிற்று. நியூயோர்க் மாநில ஆளுநராயிருந்த பிராங்கிளின் றூஸ்வெல்ட் அதனைத் தொடக்கிவைத்தார். அவ்வாண்டு முடியுமுன் அவர் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். மெல்வில் தூயி அவ்விழாவைக் காணவில்லை. 1931 டிசம்பர் இறுதியில் அவர் புளோரிடாவில் காலமாகியிருந்தார். 17 நாடுகளிலிருந்து 250 அளவிலான வீரரே பங்குபற்றினர். அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் செலவைப் பெருமந்த காலத்தில் எத்தனை நாடுகளால் தாங்க முடியும்? போதாக்குறைக்கு அவ்வாண்டுக் குளிர்காலமும் வழக்கத்தை மீறி வெப்பமாயிருந்தது. வெளியிடங்களிலிருந்து பனியை ஏற்றிவந்து கொட்டவேண்டி நேர்ந்தது. நால்வர் பனிவண்டிப் போட்டி, விழா முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னரே நிறைவேறியது.

வீரர் சார்பிற் சத்தியப்பிரமாணம் செய்தவர் ஜாக் ஷே. 1910 இல் லேக் பிளாசிட்டிற் பிறந்த இவர் அப்பொழுது டாட்மத் கல்லூரி மாணவர். பிரமாணம் செய்த அன்றே 500 மீற்றர்ப் போட்டியை 43.4 செக்கன்களில் முடித்து முதலிடம் பெற்றார். மறுநாள் 1,500 மீற்றரிலும் முந்தினார். இவ்வெற்றிகளை மதிப்பிடும்போது ஓருண்மையை மறைத்தல் முறையாகாது. ஐரோப்பிய வழக்கப்படி இருவர் இருவராகக் கடிகாரத்துக்கு எதிராகச் சறுக்குவதே சர்வதேச முறை. லேக் பிளாசிட்டில் வட அமெரிக்க வழக்கப்படி எல்லோரும் கூட்டமாகப் புறப்பட்டனர். இடித்தும் நெருக்கியும் வழி தேடும் அம்முறை ஐரோப்பியருக்குப் பழக்கமற்றது. பின்லாந்தின் பெருவீரரான கிளாஸ் துன்பேக் இதனை ஏற்காது வர மறுத்தார். விருந்தோம்பும் ஊர் தனக்கேற்ற விதியை வகுத்துக்கொண்டது என்ற குறை நியாயமானதே. ஷேயின் திறமையை அது இல்லாதாக்கிவிடாதெனினும், அவ்வெற்றிகளின் எடையைச் சிறிது குறைக்கவே செய்கிறது.

எஞ்சிய இரு வேகச் சறுக்கற் போட்டிகளையும், அதாவது 5,000 மீற்றரையும் 10,000 மீற்றரையும் வென்றவர் யார் என்பதே இங்கு கருதற்பாலது. அவர் நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஏர்விங் ஜாபி, யூதர். 1928 இல் சென் மொறிற்ஸ் நகரில் 10,000 மீற்றர்ப் போட்டியில் அவர் முன்னணியில் நின்றபோது பனிக்கட்டி உருகியமையால் அப்போட்டியே கைவிடப்பட்டது. நான்காண்டு காத்திருந்து அவ்விழப்பை ஈடுசெய்தார். கழகத்தின் விருந்து மண்டபத்தில் உறுப்பினராய் அமர அனுமதி பெறாத இனத்தைச் சேர்ந்த ஒருவரும், அக்கழகத்தின் நிழலில் வளர்ந்த கிராமத்து இளைஞர் ஒருவரும், ஒரே களத்தில், ஒரே நாட்டின் உடையில், தலைக்கு இரு பொற்பதக்கங்களாக அமெரிக்காவின் நான்கு சறுக்கல் வெற்றிகளையும் பகிர்ந்துகொண்டனர்.

அவ்விழாவில் அமெரிக்கா பெற்ற தங்கப் பதக்கங்கள் ஆறு. எஞ்சிய இரண்டும் பனிவண்டிப் போட்டிகளிற் கிடைத்தவை. இருவர் வண்டியில் வென்றோர் லேக் பிளாசிட்டில் விடுதி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஹியூபேட், கேட்டிஸ் ஸ்டீவன்ஸ் சகோதரர்கள். முதல் ஓட்டத்திற் சுவிற்சர்லாந்தினர் முந்தினர். ஸ்டீவன்ஸ் சகோதரரோ புறப்படுமுன் வண்டியின் உருக்குச் சட்டங்களை ஊதுவிளக்கின் சுவாலையாற் சூடேற்றினர். சூடேறிய உருக்குப் பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சிறிது உருக்கி நீர்ப்படலம் உண்டாக்க, உராய்வு குறைந்து வண்டி விரைந்து வழுக்கும். இன்று தடை செய்யப்பட்ட அவ்வுபாயம் அன்று விதிகளுக்கு மாறானதன்று. அடுத்து வந்த ஓட்டங்களில் முன்னேறி, நான்கு ஓட்டங்களின் முடிவில் ஒன்றரைச் செக்கன் அளவில் வென்றனர். ஆகவே ஆறு தங்கங்களுள் மூன்று, மூவாயிரம் பேர் வாழ்ந்த இவ்வொரு கிராமத்திற்குரியன.

நால்வர் வண்டிப் போட்டி வேறொரு வகையிற் பொருள் பொதிந்தது. அமெரிக்கக் குழுக்கள் இரண்டு முதலிரு இடங்களையும் பெற்றன. முதற் குழுவைச் செலுத்தியவர் பில்லி பிஸ்க்; வங்கியாளர் குடும்பத்தவர், ஐரோப்பாவில் வளர்ந்தவர். 16 வயதிலேயே 1928 ஆம் ஆண்டுப் போட்டியை வென்றிருந்த இவர், பின்னர் 1940 இல் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்து போரிட்டு உயிரிழந்தார். அவருடன் அமர்ந்த எடி ஈகன் 1920 இற் குத்துச்சண்டையில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். இரண்டாம் இடம் பெற்ற வண்டியைச் செலுத்தியவரே மேலே குறிப்பிட்ட பொறியியலாளர் ஹோம்பேகர். ஸ்டீவன்ஸ் சகோதரருள் மற்றொருவரான போல் அவருடன் இருந்தார். பாதையை வெட்டிய ஊரவர் வெள்ளியும், கோடைக்கும் குளிருக்கும் ஊர் மாறும் செல்வர் தங்கமும் பெற்றனர். இதனை வர்க்க முரண்பாட்டின் நேரடி வெளிப்பாடு எனக் கூறுதல் மிகைப்படக் கூறலாகும். பிஸ்க் மிகச் சிறந்த செலுத்துநர் என்பதில் ஐயமில்லை. எனினும் குளிர்கால விளையாட்டில் இரு வேறு உலகங்கள் ஒரே பாதையில் இறங்கிய தருணம் அது.

ஊதியம் பெறாதவரே ஒலிம்பிக் வீரர் என்ற அக்கால விதி, வறியவர்மீது எவ்வாறு பாரமாய் அமைந்தது என்பதற்கு ஜாபியின் பிற்காலம் சான்று. வேலையின்மை தலைவிரித்தாடிய அவ்வாண்டுகளில் அவர் தம் ஒலிம்பிக் பதக்கங்களை ஈடு வைத்தார். அவற்றை மீட்க அவராற் பின்னர் இயலவில்லை.

1933 இல் ஹிற்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். 1935 செப்டெம்பரில் நூரம்பேக் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1936 ஆம் ஆண்டின் குளிர்கால, கோடைகால விழாக்கள் இரண்டும் ஜேர்மனிக்கு ஏலவே வழங்கப்பட்டிருந்தன. குளிர்கால விழாவிற்கான இடமும் சிற்றூர்தான். கார்மிஷ், பார்ட்டன்கேர்ஹன் என இரு தனி ஊர்களாயிருந்தவற்றை விழாவின் பொருட்டு 1935 இல் நாசி ஆட்சி வலிந்து ஒன்றாக்கியது. ஊர்கள் தாமாக விழாவைத் தேடிச் சென்றமைக்கு லேக் பிளாசிட் உதாரணமெனின், விழாவிற்காக ஊர்களே உருமாற்றப்பட்டமைக்கு இது உதாரணம்.

அமெரிக்காவிற் பகிஷ்கரிப்புக் கோரிக்கை வலுப்பெற்றது. அந்நாட்டின் ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவ்றி பிறன்டேஜ், விளையாட்டில் அரசியல் கலக்கலாகாது என வாதிட்டுப் பங்குபற்றலை ஆதரித்தார். மெய்வல்லுநர் சங்கத்தின் தலைவரான ஜெரமாயா மஹோனி, யூதரை விலக்கும் நாட்டில் விளையாடுவதே அந்த அரசியலுக்கு உடந்தையாதல் என மறுத்துரைத்தார். 1935 டிசம்பரில் அச்சங்கம் மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தாற் பங்குபற்றலையே தெரிந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவிலிருந்து பகிஷ்கரிப்பை ஆதரித்த அமெரிக்கரான ஏர்னெஸ்ற் லீ ஜான்கே அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவ்விடம் பிறன்டேஜுக்குக் கிடைத்தது.

மேலிடத்து விவாதம் இவ்வாறு முடிந்தது. லேக் பிளாசிட்டில் அது வேறு வகையில் நிகழ்ந்தது. அங்கு வாழ்ந்த யூதர் மிகச் சிலரே. அச்சிறு சமூகத்தின் மதகுருவான றபி, ஜேர்மனிக்குச் செல்லவேண்டாமென ஷேயை வேண்டினார். அயலவரின் வேண்டுகோளை மதித்து ஷே விலகினார். இரு பட்டங்களையும் காக்கும் வாய்ப்பை அவர் இழந்தார். அடுத்த இரு விழாக்களையும் உலகப் போர் விழுங்கிவிட்டமையால், மீண்டும் ஒலிம்பிக் களத்தில் இறங்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவேயில்லை.

அவ்வட்டாரத்தினர் அனைவரும் அவ்வாறே செய்தனர் எனக் கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். லேக் பிளாசிட்டிலிருந்து சில மைல்களுக்கப்பாலுள்ள கீன் வலி என்னும் இன்னும் சிறிய ஊரைச் சேர்ந்த ஐவன் பிறவுண், அலன் வாஷ்பொண்ட் என்னும் இருவர் கார்மிஷ் சென்று இருவர் பனிவண்டிப் போட்டியில் வென்றனர். அவ்விழாவில் அமெரிக்காவிற்குக் கிடைத்த ஒரேயொரு தங்கப் பதக்கம் அதுவே. ஹியூபேட் ஸ்டீவன்ஸும் சென்று நால்வர் வண்டிப் போட்டியில் நான்காமிடம் பெற்றார். இவர்களைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. ஆனால் தேசிய சங்கம் செல்க என்று முடிவு செய்த பின்னர், ஒலிம்பிக் அரங்கு ஒன்றே தம் திறமையை உலகறியச் செய்யும் வழியாயிருந்த மலையூர் இளைஞர் சென்றமை வியப்பன்று. ஜேர்மன் அதிகாரிகளும் விழாவின்போது யூத எதிர்ப்பு அறிவிப்புப் பலகைகளை வீதிகளிலிருந்து அகற்றி, வந்தோர் கண்ணுக்கு யாவும் ஒழுங்காகத் தோன்றச் செய்தனர். ஜேர்மன் பனி ஹொக்கிக் குழுவில் யூத வழியினரான றூடி பால் என்பவருக்கும் இடமளித்துக் காட்டினர்.

அப்படியாயின் ஷேயின் மறுப்பு எங்கிருந்து பிறந்தது? நாடளாவிய பகிஷ்கரிப்பு இயக்கத்தின் வலு அதில் ஓரளவு இருந்திருக்கலாம். எனினும் மஹோனியின் வாதங்கள் பெருநகரங்களின் மண்டபங்களில் ஒலித்தவை. பலரின் காதில் விழுந்தும் பயனற்றுப்போனவை. ஷேயை அணுகியவரோ அதே ஊரில் வாழ்ந்த ஒருவர். பெருநகரத்து வீரர் ஒருவருக்கு யூதர் படும் துன்பம் செய்தித்தாளின் செய்தி. மூவாயிரம் பேர் வாழும் ஊரிலோ அது தினமும் வீதியில் எதிர்ப்படுபவரின் முகம். கிராமம் என்பது இயல்பாகவே நற்பண்பின் உறைவிடம் என்ற கற்பனைக்கு இதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது. யூதரைத் தன் வாயிலில் நிறுத்திய கழகமும் அதே ஊரின் நிறுவனந்தான். அவ்விலக்கல் போருக்குப் பின்னரும் நீடித்தது. ஊரவருட் பலர் அக்கழகத்தின் ஊதியத்திலேயே வாழ்ந்தனர். விலக்கல் எத்தகையது என்பதை ஷே ஜேர்மனியைப் பார்த்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரின் நடுவில் அதற்குரிய கட்டிடம் நின்றது. மறுப்பின் வேர் இவ்விரண்டினும், அதாவது அயலுறவிலும் அயலிலேயே கண்ட விலக்கலிலும், தேடப்பட வேண்டியது.

போருக்குப் பிந்திய காலத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1948 இல் சென் மொறிற்ஸ் விழாவின் நால்வர் பனிவண்டிப் போட்டியை லேக் பிளாசிட்டின் பிரான்சிஸ் ரைலர் செலுத்திய வண்டி வென்றது. 1952 இல் ஒஸ்லோவில் ஸ்ரான் பென்ஹம் இரு வெள்ளிகள் பெற்றார். வான் ஹோவன்பேக் பாதை 1949 இற் பெல்ஜிய வீரர் மக்ஸ் ஹூபனையும் 1966 இல் இத்தாலியரான சேர்ஜியோ சர்டினியையும் பலிகொண்டது. வண்டிகள் தொழில்நுட்ப ஆய்வின் விளைவுகளாக மாறியபின், ஊதுவிளக்கோடு வந்த விடுதிக்காரரின் காலம் முடிவுற்றது.

ஷே ஊரிலேயே தங்கினார். நீதவானாகப் பணியாற்றினார்; 1974 முதல் நோர்த் எல்பாவின் பட்டினத் தலைவராயிருந்தார். 1980 இல் விழா மீண்டும் அவ்வூருக்கு வந்ததில் அவருக்கும் பங்குண்டு. இம்முறை 37 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர் வந்தனர். ஷே வென்ற அதே பாடசாலை முன்றிலில் எரிக் ஹைடன் ஐந்து தங்கங்களை வென்றார். செயற்கைப் பனி முதன்முறையாக ஒலிம்பிக்கிற் பயன்பட்டது. சிற்றூரின் ஒடுங்கிய வீதிகளிற் பேருந்து ஒழுங்குகள் குலைந்து, பார்வையாளர் குளிரில் மணிக்கணக்காகக் காத்து நின்றனர். வீரர் தங்குவதற்கென றே புறூக் என்னுமிடத்தில் எழுப்பப்பட்ட கட்டிடங்கள், விழா முடிந்ததும் மத்திய அரசின் சிறைச்சாலையாயின. முன்கூட்டியே திட்டமிடப்பட்ட இம்மாற்றத்தை எதிர்த்து இயக்கமும் நடந்தது. இறுதியிற் கடன் சுமை ஊரின் தாங்கு சக்தியை மீற, மாநிலம் 1981 இல் ஓர் அதிகாரசபையை நிறுவிக் களங்களைப் பொறுப்பேற்றது.

விழாவின் தறுவாயில் லேக் பிளாசிட்டிற் கூடிய ஒலிம்பிக் குழுவின் முன், அமெரிக்க இராசாங்கச் செயலாளர் சைரஸ் வான்ஸ் உரையாற்றி, ஆப்கானிஸ்தானிற் சோவியத் படை புகுந்தமையைக் காட்டி, மொஸ்கோ விழாவை வேறிடத்திற்கு மாற்றுமாறு கோரினார். குழு மறுத்தது, அவ்வாண்டுக் கோடையில் அமெரிக்க வீரர் எவரும் மொஸ்கோ செல்லவில்லை. 1935 இற் பங்குபற்றலை வற்புறுத்திய தேசமே 1980 இற் பகிஷ்கரிப்பைக் கட்டளையிட்டது. 1936 இன் மறுப்பு ஒரு தனிமனிதர் தாமே இழப்பை ஏற்று மேற்கொண்டது. 1980 இன் மறுப்பு அரசு எடுத்த முடிவுக்கு வீரர் இழப்பைச் செலுத்தியது. இவ்விரண்டையும் பகிஷ்கரிப்பு என்ற ஒரே சொல்லாற் குறிப்பது போதுமானதன்று. தூயியின் கழகம் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

ஷேயின் மகன் 1964 இல் இன்ஸ்புறூக் விழாவிற் பனிச்சறுக்கற் போட்டிகளிற் பங்குபற்றினார். பேரனான ஜிம் ஷே தலைமுன்னாகக் குப்புறப் படுத்துச் சிறு சட்டமொன்றிற் பனிப்பாதையில் இறங்கும் ஸ்கெலிற்றன் போட்டியைத் தெரிந்தார். 1928, 1948 ஆகிய ஆண்டுகளில் மட்டும் நடத்தப்பட்ட அப்போட்டி 2002 இற் சோல்ற் லேக் சிற்றி விழாவில் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அமெரிக்காவின் சார்பிற் குளிர்கால விழாக்களிற் களமிறங்கியமை அதுவே முதன்முறை. ஜாக் ஷே அவ்விழாவைக் காணப் புறப்பட இருந்தார். ஜனவரி மாதத்தில், தம் ஊர் வீதியில் நேர்ந்த வாகன விபத்தொன்றிற் காயமுற்று, 91 ஆம் வயதிற் காலமானார்.

சில நாட்களின் பின்னர், பெப்ரவரி 8 ஆம் நாள், வீரர் சார்பிற் சத்தியப்பிரமாணம் செய்யும் பொறுப்பு ஜிம் ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பாட்டனார் நின்ற நிலையில் அவர் நின்றார். அவ்விழாவின் ஸ்கெலிற்றன் போட்டியில் ஒஸ்ரியரான மார்ட்டின் றெற்றலை அவர் 0.05 செக்கனால் முந்தினார். வண்டி நின்றதும் தலைக்கவசத்தைக் கழற்றி, அதனுட் செருகியிருந்த சிறு படமொன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். அது பாட்டனாரின் இறுதிச் சடங்கில் வழங்கப்பட்ட அட்டை.